கல் சுமந்தவர் யார்?

கம்பம் பள்ளத்தாக்கின் பசுமை முடிந்து மேற்கு மலை எழும்பும் இடத்திலே இருக்கிறது லோயர் கேம்ப். ஊர்ப் பெயர் போலவே தோன்றாத பெயர். கீழ் முகாம் என்பது அதன் பொருள். வெள்ளையர் காலத்து ஆங்கிலப் பெயர் இன்றும் பேருந்துப் பலகையிலே தமிழெழுத்தில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. குமுளிக்குச் செல்லும் வண்டிகள் இங்கே சற்று இளைப்பாறிய பின்னரே வளைந்து வளைந்து மேலேறுகின்றன. மேற்கே அரபிக் கடலுக்கு ஓடவேண்டிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, இங்கே மின்சாரம் ஈந்துவிட்டு, கம்பத்து வயல்களையும் வைகையையும் நாடிச் செல்கிறது.

இவ்வூரிலே ஒரு சிலை நிற்கிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் சிலை. 2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் திறக்கப்பட்ட மணிமண்டபத்திலே அது இடம் பெற்றிருக்கிறது. தண்ணீர் தந்தவனை மறவாத உழவர்கள் பொங்கல் நாளிலே அங்கு திரண்டு வணக்கம் செலுத்துகின்றனர். நாமும் அச்சிலையின் முன்னே நின்றோம். பிறகு அண்ணாந்து மலையைப் பார்த்தோம். வண்ணாத்திப்பாறை என வழங்கும் அம்மலையின் உச்சியில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், இடிந்து கிடக்கிறது ஒரு கற்கோயில். மங்கலதேவி கோட்டம் என்பர் சிலர். கண்ணகி கோட்டம் என்பர் பலர்.

கீழே ஒரு சிலை. மேலே ஒரு கோட்டம். இரண்டுக்கும் நடுவே நின்ற நம் உள்ளத்திலே ஒரு வினா எழுந்தது. கல்லிலே நிற்பவர் யார் என்பதை எல்லோரும் அறிவர். அந்தக் கல்லைச் சுமந்தவர் யார்?

வினா எளிது. விடை தேடி நாம் மலையேற வேண்டியிருந்தது. அதன்பின் கடல் கடந்தும் செல்ல வேண்டியிருந்தது.

மலையேறினோம்

அக்கோட்டத்துக்கு ஆண்டு முழுவதும் செல்ல இயலாது. புலிகள் காப்பகக் காட்டின் நடுவே, தமிழ்நாடும் கேரளமும் நெடுநாளாய் வழக்கிடும் எல்லையிலே அது இருக்கிறது. சித்திரை முழுநிலவு ஒரு நாள் மட்டும், தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட ஆட்சியாளர்களும் கூடிப் பேசி முடிவு செய்த முறைப்படி, பகற்பொழுதிலே மக்களை விடுகின்றனர். குமுளியிலிருந்து காட்டுப் பாதையிலே ஜீப்புகள் செல்கின்றன. லோயர் கேம்பை அடுத்த பளியங்குடியிலிருந்து செல்வோருக்கு நடைபாதை ஒன்றே வழி. ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம். நாம் நடைபாதையையே தேர்ந்தோம்.

புலரும் முன்பே கூட்டம் புறப்பட்டுவிட்டது. கம்பத்து உழவர், கூடலூர்க் கூலியாட்கள், இடுப்பிலே குழந்தையும் தலையிலே துணி மூட்டையுமாகப் பெண்கள், கோலூன்றிய முதியோர். அடிவாரத்திலே பளியர் வாழும் குடியிருப்பு. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த பழங்குடி மக்கள் அவர்கள். வெயில் ஏறுமுன் பாதி மலையைக் கடந்தோம். மரங்கள் குறைந்து புல்மேடு தொடங்கியது. திரும்பிப் பார்த்தால், கீழே கம்பம் பள்ளத்தாக்கு ஒரு பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடந்தது.

உச்சியை அடைந்தோம். கூரையிழந்த மண்டபம். சாய்ந்த தூண்கள். சுண்ணமின்றி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய பெருங்கற்களாலான மதில், சில இடங்களில் ஆளுயரத்துக்கு நிற்கிறது, சில இடங்களில் புல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. கல்லிலே பழந்தமிழ் எழுத்துக்கள். மழையும் காற்றும் அவற்றைத் தேய்த்துக் கொண்டே இருக்கின்றன. ஒரு சன்னிதியிலே தமிழ்நாட்டு முறைப் பூசை. மற்றொன்றிலே கேரள முறைப் பூசை. இரு மாநிலக் காவலரும் இரு புறம் நிற்கின்றனர்.

வந்த பெண்களுக்கு வளையலும் மஞ்சள் கயிறும் வழங்கினார்கள். அவற்றைக் கண்ணில் ஒற்றிக் கொண்டனர் பெண்கள். நாம் எண்ணிப் பார்த்தோம். அரசவையிலே சிலம்பை உடைத்து, மன்னனை நோக்கி நீதி கேட்ட ஒரு பெண்ணின் பெயரால் அல்லவா இக்கோட்டம் வழங்கப்படுகிறது? நீதி கேட்டவளைத் தாலிக் காப்புக்கு வரந்தரும் தேவியாக்கிவிட்டால், அவள் கேட்ட கேள்வியை எவரும் மீண்டும் கேட்கத் தேவையில்லை! வணங்கி எழுந்து வீடு திரும்பிவிடலாம். கல்லாகிய பின் கேள்விகள் மௌனமாகிவிடுகின்றன.

காப்பியம் சொல்வது

சிலப்பதிகாரத்தின் கதை நாம் அறிந்ததே. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை மர நிழலிலே நின்றாள் என்பது காப்பியம். வானூர்தி வந்து அவளை அழைத்துச் சென்றது என்றும், அதனைக் கண்டவர் குன்றக் குறவர் என்றும், பெரியாற்றங்கரைக்கு வந்திருந்த சேரன் செங்குட்டுவனிடம் அவர்களே செய்தி உரைத்தனர் என்றும் காப்பியம் தொடர்கிறது. செங்குட்டுவன் வடக்கே படையெடுத்து, இமயத்திலே கல்லெடுத்து, தமிழரை இகழ்ந்த கனகன், விசயன் என்னும் மன்னர்களின் முடித்தலையிலே அதனை ஏற்றிக் கொணர்ந்தான் என்பது வஞ்சிக் காண்டத்தின் பெருமிதம்.

கேட்கும்போது தோள் பூரிக்கிறது. மேடைகளிலே இதனைச் சொல்லிக் கைதட்டல் பெறாத பேச்சாளர் குறைவு. ஆயினும், தோழர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? கண்ணகியை முதலிற் கண்டவர்கள் குறவர்கள். அவள் பொருட்டு முதலிற் குரவையாடிச் சிறப்புச் செய்தவர்களும் அவர்களே. அரசன் வருவது அதற்குப் பிறகுதான். இதைச் சொன்னவர் இளங்கோவே. கனக விசயர் தலைக் கல்லை நினைவு வைத்திருக்கும் நாம், குன்றத்து மக்களின் முதல் வணக்கத்தை மறந்துவிட்டோம். மன்னன் சுமக்க வைத்த கல் நமக்குப் பெருமையாகத் தெரிகிறது. மக்கள் தாமே எடுத்த சிறப்பு நம் கண்ணிலே படுவதில்லை.

காப்பியத்தின் கல் எப்படி வந்திருப்பினும் ஆகுக. நாம் கண்ட மதிலின் கற்களை எந்த மன்னனும் தலையிலே சுமக்கவில்லை. பெயர் தெரியாத கல்தச்சர்கள் பிளந்தனர். பெயர் தெரியாத தோள்கள் தூக்கின.

நட்ட கல்

வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களைப் பாருங்கள். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. இப்பெயர்கள் இளங்கோ புதிதாய்ப் படைத்தவை அல்ல. போரிலே மாண்ட வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுக்கிறது. கல்லைத் தேர்ந்து காண்பது, எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்பன அவை. வீரனுக்குரிய அதே முறையைக் காப்பியம் ஒரு வணிகர் குலப் பெண்ணுக்குச் செய்கிறது. ஆகவே கண்ணகி கோட்டத்தின் வேர் வேள்விச் சாலையிலே இல்லை; ஊர்ப் புறத்து நடுகல்லிலே இருக்கிறது.

அந்த நடுகல் வெறும் இலக்கியக் கற்பனையா? இல்லை என்று காட்டியது இதே தேனி மாவட்டம். 2006ஆம் ஆண்டு, ஆண்டிபட்டி வட்டத்திலே, வைகைக் கரையை அடுத்த புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தனர். உருவம் ஏதும் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. எழுத்தோ தமிழி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் கூறப்படும் பழைய எழுத்து. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியவை என்று அறிஞர் கணிக்கின்றனர்.

அவற்றுள் ஒன்று, கல், பேடு தீயன் அந்தவன், கூடல் ஊர் ஆகோள் என்கிறது. கூடலூரில் நிகழ்ந்த ஆநிரை கவரும் பூசலிலே மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல் என்பது அதன் கருத்து. ஆகோள் என்னும் சொல் தொல்காப்பியத்து வெட்சித் திணையிலே துறையின் பெயராக வருவது. இலக்கணத்திலே படித்த சொல், மண்ணுக்குள்ளிருந்து கல்லாக எழுந்து நின்றது!

கூடலூர் என்றதும் நம் மனம் துள்ளியது. லோயர் கேம்புக்கு அருகிலே இருக்கிறது ஒரு கூடலூர். அதுவே இது என்று அடித்துச் சொல்ல நாம் முன்வரவில்லை. கூடல் என்ற பெயருடைய ஊர்கள் தமிழகத்திலே வேறும் உண்டு. ஆனால் இக்கல் சொல்லும் பெரிய செய்தி இடத்தைப் பற்றியது அன்று. அதற்கு முன் கிடைத்த தமிழிக் கல்வெட்டுக்களிலே பல, குகைகளிலே துறவியருக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த அரசர், வணிகர் ஆகியோரின் கொடையைக் குறிப்பவை. இதுவோ, மாடு பிடிக்கப் போய் மாண்ட ஒருவனுக்கு ஊரார் எழுதி வைத்த கல். மேய்ச்சல் நிலத்திலே எழுத்து இருந்தது! எழுதியவன் இருந்தான், படிப்பான் என்ற நம்பிக்கையோடு நட்டவர் இருந்தனர். எழுத்து சிலருக்கே உரியது, உழைப்பவன் காதிலே ஈயத்தை ஊற்று என்று சட்டம் வகுத்தவர்களுக்கு, வைகைக் கரை மாடுபிடிச் சண்டைக்காரன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மறுப்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நம் பெருமையையும் நிறுத்துப் பார்ப்போம்

சரி, மலையுச்சிக் கோட்டம் மெய்யாகவே கண்ணகி கோட்டந்தானா? இக்கேள்வியைக் கேட்க நம்மவரிலே பலர் விரும்புவதில்லை. கேட்காமலிருந்தால் நாம் பகுத்தறிவாளர் அல்லர்.

கரந்தைப் புலவர் சி. கோவிந்தராசனார், சிலப்பதிகாரம் சொல்லும் வழித்தடத்தைக் காலால் நடந்தே ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டு இம்மலைக் கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். ஏட்டை மட்டும் புரட்டாமல் நிலத்தையும் புரட்டிய அவரது உழைப்பு போற்றுதற்குரியது. மதுரைக்கு மேற்கே வையை வழி, அருகே பெரியாறு, மலைமக்கள் வாழும் குன்று ஆகியவை அவர் கருத்துக்கு வலுவூட்டுகின்றன.

எனினும் நெடுவேள் குன்றம் எது என்பதிலே பழைய உரையாசிரியர்களே ஒருமனப்பட்டாரில்லை. திருச்செங்கோடு என்றார் ஒருவர். அது பொருந்தாது, கொடுங்கோளூருக்கு அருகிலுள்ள மலையே என்றார் மற்றொருவர். இன்று நாம் காணும் கட்டடமும் கல்வெட்டுக்களும் காப்பியக் காலத்துக்கு மிகவும் பிற்பட்டவை. வானூர்தியோ புலவர் உள்ளத்திலே பறந்தது. எனவே, நெடுங்காலமாய் மக்கள் ஒரு பெண் தெய்வத்துக்கு எடுத்த மலைக்கோயில் இது என்பது உறுதி. கண்ணகியோடு இதனை இணைக்கத் தக்க காரணங்கள் உண்டு. ஐயத்துக்கும் இடம் உண்டு. இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்லத்தக்கது. பிறர் புராணத்தைத் தராசிலே நிறுத்துவோம், நம் பெருமையை மட்டும் நிறுக்காமலே மடியிலே கட்டுவோம் என்றால், அந்தத் தராசு பொய்த்தராசு ஆகிவிடும்.

கடல் நடுவே ஒரு தீவு

கல் சுமந்தவர் யார் என்ற அதே வினா, பசிபிக் பெருங்கடலின் நடுவிலே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவிலே, தன்னந்தனியே கிடக்கிறது ராப்பா நூயி என்னும் சிறு தீவு. 1722ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளன்று டச்சு மாலுமி ராக்கவீன் அங்கு இறங்கியதால் ஈஸ்டர் தீவு என்று பெயரிட்டது ஐரோப்பா. தீவுக்கு மக்கள் இட்ட பெயர் இருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் அக்காலத்து மாலுமிகளுக்கு இல்லை!

அத்தீவிலே ஏறக்குறைய ஆயிரம் கற்சிலைகள். மோவாய் என்பது அவற்றின் பெயர். நீண்ட முகம், இறுகிய உதடு, கடலுக்கு முதுகு காட்டித் தம் ஊரை நோக்கி நிற்கும் முன்னோர் உருவங்கள். ரானோ ரராக்கு என்னும் எரிமலைச் சரிவிலே கற்கருவிகளாலேயே செதுக்கப்பட்டவை. ஏறத்தாழ நானூறு சிலைகள் அக்குவாரியிலேயே, முடிந்தும் முடியாமலும் இன்றும் கிடக்கின்றன. கடற்கரை மேடைக்குக் கொண்டு சென்று நிறுத்தியவற்றிலே பெரியது பத்து மீட்டர் உயரமும் எண்பது டன் எடையும் உள்ளது.

கண்ட வெள்ளையர் வியந்தனர். வியப்பு நல்லதே, ஆனால் வியப்போடு ஓர் இகழ்ச்சியும் சேர்ந்து வந்தது. இந்தத் தீவினரா இவற்றைச் செய்தனர்? இருக்க முடியாது என்றனர். மூழ்கிப்போன கண்டத்து மக்கள் என்றார் ஒருவர். அமெரிக்காவிலிருந்து வந்த வேறு இனத்தார் என்றார் ஒருவர். 1968இலே சுவிட்சர்லாந்து எழுத்தாளர் எரிக் வான் டேனிக்கன், விண்ணிலிருந்து வந்தவர்களைத் துணைக்கு அழைத்தார். அந்நூல் பல்லாயிரக்கணக்கில் விற்றது. கண் முன்னே நிற்கும் மனிதனின் கையை நம்ப மனமில்லை. காணாத வானூர்தியை நம்ப மனமிருக்கிறது!

நார்வே நாட்டுத் தோர் ஹையர்தால் 1955இலே அங்கு ஆய்வுக்குச் சென்றார். அவருக்கும் தீவினரின் முன்னோர் பற்றித் தவறான கருத்துக்கள் இருந்தன. ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். தீவு மக்களையே கேட்டார். பன்னிரண்டு பேர், மரக் கழிகளால் நெம்பி, அடியிலே சிறு கற்களைச் சிறிது சிறிதாக அடுக்கி, வீழ்ந்து கிடந்த ஒரு பெருஞ்சிலையைப் பதினெட்டு நாளிலே நிமிர்த்தி நிறுத்திவிட்டனர். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கேட்கவில்லையே என்று தீவுத் தலைவர் மறுமொழி தந்தாராம். உலகத்து ஆராய்ச்சி மன்றங்கள் அனைத்தின் வாயிலிலும் எழுதி வைக்கத் தக்க விடை!

சிலைகள் நடந்தே வந்தன என்பது தீவு மக்களின் மரபுரை. மூடநம்பிக்கை என்று சிரித்தனர் பலர். 2012இலே இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையிலே, நான்கு டன்னுக்கு மேற்பட்ட மாதிரிச் சிலையை மூன்று கயிறு கட்டிப் பதினெட்டுப் பேர் இருபுறமும் மாறி மாறி இழுக்க, சிலை ஆடி ஆடி அடியெடுத்து வைத்து முன்னேறியது. ஆராய்ச்சியாளரிடையே இன்னும் விவாதம் உண்டு. ஆனால் மனிதத் தோளும் கயிறும் கூட்டுழைப்பும் போதும் என்பதிலே ஐயமில்லை.

அறிவு எப்படி அழிந்தது

இவ்வளவு அறிந்திருந்த மக்கள் ஏன் தம் வரலாற்றை எடுத்துரைக்க இயலாமற் போயினர்? 1862, 1863ஆம் ஆண்டுகளிலே பெரு நாட்டு அடிமை வணிகர் அத்தீவிலே இறங்கி ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பேரைப் பிடித்துச் சென்றனர். திரும்பி வந்த சிலரோடு அம்மையும் வந்தது. 1877இலே தீவிலே எஞ்சியவர் நூற்றுப் பதினொருவர் மட்டுமே. ராங்கோ ராங்கோ என்னும் தம் எழுத்தை மரப் பலகையிலே பொறித்து வைத்திருந்தனர் அம்மக்கள். அதனைப் படிக்கத் தெரிந்தவர்கள் மாண்டனர். இன்றுவரை அவ்வெழுத்தைப் படித்தவர் இல்லை. மக்கள் அழிந்தால் எழுத்தும் ஊமையாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நமக்கு அந்தக் கதி வரவில்லை. நம் பழைய எழுத்தும் மறந்துதான் போயிற்று. குகைகளிலே இருந்ததைப் படிக்க முயன்று திகைத்தனர் அறிஞர். 1924இலே கே. வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழே என்று காட்டினார். பின்வந்தோர் அதனை வளர்த்தனர். மொழி உயிரோடு மக்கள் நாவிலே இருந்தது. ஆதலால் கல் பேசிற்று. தீயன் அந்தவன் பெயர் நம் செவிக்கு எட்டிற்று.

எட்டியும் நாம் கேட்கிறோமா? ஊர்ப்புறத்திலே பலகைக் கற்களால் நம் முன்னோர் எடுத்த ஈமச் சின்னங்களைப் பாண்டவர் குழி என்கிறோம். குள்ளர் வீடு என்கிறோம். பெருங்கோயிலைக் கண்டால் பூதம் ஓரிரவிலே கட்டியது என்கிறோம். ஐரோப்பியன் தீவு மக்களுக்குச் செய்த அநீதியை, நாம் நம் பாட்டனுக்கே செய்து கொண்டிருக்கிறோம்! பஞ்ச பாண்டவர் வரவில்லை, பூதம் வரவில்லை, வானூர்தியும் வரவில்லை. வந்தவன் கல்லுடைக்கும் தொழிலாளி. அவன் பெயரை எழுதாதவர்கள் அவன் வேலையைத் தெய்வத்தின் கணக்கிலே வரவு வைத்துவிட்டார்கள்.

மீண்டும் லோயர் கேம்ப்

மாலையிலே இறங்கி வந்தோம். மீண்டும் அந்தச் சிலை. 1887இலே தொடங்கி 1895இலே முடிந்த அணை வேலையிலே, காட்டுக் காய்ச்சலாலும் விபத்தாலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் மாண்டனர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சுமந்து, வெள்ளத்திலே முதல் வேலை அடித்துச் செல்லப்பட்ட பின்னும் மீண்டும் சுமந்தவர்கள் அவர்கள். பென்னிகுயிக்குக்குச் சிலை வைத்தது முறையே. அவரது திறமைக்கும் மன உறுதிக்கும் அது தகும். அவருக்குக் கீழே சுமந்தவனுக்கு எது? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாடுபிடிச் சண்டையிலே மாண்டவனுக்குப் பெயர் பொறித்துக் கல் நட்ட பள்ளத்தாக்கு இது. அணைக்காக மாண்டவர்களின் பெயர்களைத் தேடி ஒரு கல்லிலே எழுதி, அச்சிலையின் அருகே நட்டால், அது புதுமை அன்று. நம் பழைய வழக்கமே.

மேலே கிடக்கும் கோட்டத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லைக் கோடு எங்கே என்று இரு அரசுகளும் வழக்காடட்டும். வழக்கு முடியும்வரை கல் காத்திருக்காது. மழை எந்த மாநிலத்தையும் கேட்டுப் பெய்வதில்லை. கல்வெட்டுக்களைப் படியெடுத்தலும், சரிந்த தூணை நிறுத்தலும், மதிலைக் காத்தலும் இரு மாநிலத் தொல்லியல் அறிஞரும் கூடிச் செய்யத் தக்க பணிகள். அங்கே பூசைக்கு உடன்பாடு கண்டவர்கள் பாதுகாப்புக்கும் உடன்பாடு காணலாம்.

இளைஞர்களே! உங்கள் ஊரின் எல்லையிலே, கண்மாய்க் கரையிலே, புளியமரத்து அடியிலே ஏதேனும் ஒரு பழங்கல் கிடக்கும். துணி துவைக்கும் கல்லாகவும் இருக்கலாம். மஞ்சள் பூசிய சாமியாகவும் இருக்கலாம். எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சுண்ணாம்பு அடிக்காதீர்கள், உளியால் சுரண்டாதீர்கள், இடம் பெயர்க்காதீர்கள். தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அதற்கு முன், அவ்வூரின் மூத்த உழைப்பாளியிடம் சென்று, இது என்ன கல் ஐயா, யார் நட்டது, எப்படிக் கொண்டு வந்தார்கள் என்று கேளுங்கள்.

அவரை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.